எதையும் மாற்றலாம் என்றொரு வாக்கு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கட்டங்களால் ஆன திறந்த உலக விளையாட்டுகள். மைன்கிராஃப்ட் என்று ஒரு சொல் சொன்னால் முன்வரிசைச் சிறுவர் சிறுமியருக்குப் போதும். பின்வரிசைக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மலை, ஆறு, காடு, குகை எல்லாமே ஒரே அளவுள்ள கனசதுரங்களால் ஆன ஓர் உலகம். அந்தக் கனசதுரத்தைப் பிள்ளைகள் பிளாக் என்கிறார்கள். நிரல் எழுதுகிறவர்கள் வாக்ஸெல் என்கிறார்கள். எந்தப் பிளாக்கையும் உடைக்கலாம். உடைத்ததை எடுத்துப்போய் வேறிடத்தில் வைக்கலாம். இதைச் செய், அதைச் செய் என்று யாரும் கட்டளையிட மாட்டார்கள்.

இப்படி ஓர் உலகத்தை எழுதுவது எவ்வளவு கடினம்? அதை எழுதாத ஒருவர் வெளியிலிருந்து வந்து அதற்குள் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது, அதாவது மாடிங், எவ்வளவு கடினம்? இந்த இரண்டு கேள்விகளும்தான் இன்றைய பேச்சு.

சதுரம் சதுரமாகத்தானே இருக்கிறது, இதில் என்ன கடினம் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மற்ற விளையாட்டுகளில் ஒரு சுவர் இருந்தால் அது ஓவியர் வரைந்த சுவர். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அங்கே போக வழியில்லை. பத்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் சுவர் அப்படியே நிற்கும். இங்கே அப்படி இல்லை. இங்கே விளையாட்டை எழுதியவர் ஆடுபவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார். எதையும் மாற்றலாம் என்கிறார். எங்கே போயும் மாற்றலாம் என்கிறார். நீ மாற்றியது நீ திரும்பி வரும்போது மாற்றியபடியே இருக்கும் என்கிறார். நான் இன்று சொல்லப்போகும் அத்தனை துன்பமும் இந்த ஒரு வாக்கிலிருந்து பிறக்கிறது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். நூறு பிளாக் நீளம், நூறு அகலம், நூறு உயரம் உள்ள ஒரு பாறையை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10 லட்சம் பிளாக். ஒவ்வொன்றுக்கும் ஆறு முகம். ஆக 60 லட்சம் முகங்கள். கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு முகத்தையும் இரண்டு முக்கோணமாக வரையும். அப்படியானால் 1 கோடியே 20 லட்சம் முக்கோணங்கள். ஒரே ஒரு பாறைக்கு! கணினி திணறாதா? திணறும். ஆனால் நம் கண்ணுக்கு எத்தனை முகம் தெரிகிறது? வெளிப்புறத்தின் ஆறு பக்கமும் சேர்த்து 60,000 மட்டும். உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு கிடக்கிறது. நூற்றில் ஒரு பங்குதான் வரைய வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரே மாதிரி முகங்களை ஒரு பெரிய செவ்வகமாகச் சேர்த்துவிட்டால் அந்த 60,000மும் ஆறு செவ்வகமாகச் சுருங்கும்.

அப்பாடா, தீர்ந்தது என்று மூச்சு விடலாமா? முடியாது. ஒரு சிறுமி வந்து அந்தப் பாறையின் ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு பிளாக்கை உடைக்கிறாள். சேர்த்து வைத்த செவ்வகம் பிரிகிறது. மறைந்திருந்த ஐந்து முகங்கள் வெளியே வருகின்றன. கணக்கை மறுபடி போட வேண்டும். அவள் கை அடுத்த பிளாக்குக்குப் போவதற்குள் போட்டு முடிக்க வேண்டும். உடைத்துக்கொண்டே இருப்பாள் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் உலகத்தை ஒழுங்காக அடுக்கிக் காட்ட வேண்டும்.

அடுத்தது நினைவகம். மைன்கிராஃப்ட் தன் உலகத்தைச் சங்க் என்ற தூண்களாக வெட்டி வைத்திருக்கிறது. நீளம் 16, அகலம் 16. 2021 நவம்பரில் வந்த 1.18 வெர்ஷனிலிருந்து உயரம் 384. ஒரு சங்க்குக்குள் 98,304 பிளாக். நான்கு திசையிலும் 16 சங்க் தூரம் பார்க்க வேண்டும் என்று ஒரு பையன் செட்டிங்கில் வைக்கிறான். 33 பெருக்கல் 33, ஆக 1,089 சங்க். அவனைச் சுற்றி 10 கோடியே 70 லட்சம் பிளாக். தலைக்கு இரண்டு பைட் என்றாலும் 20 கோடி பைட்டுக்கு மேல். அதற்கும் ஒரு வழி உண்டு. 16க்கு 16க்கு 16 என்ற ஒரு சிறு பகுதியில் 4,096 பிளாக் இருந்தாலும் அதில் எத்தனை வகை இருக்கும்? கல், மண், கரி, காற்று. அந்தச் சில வகைகளுக்கு ஒரு சிறு பட்டியல் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் எழுதினால் போதும். முழுக்கக் காற்றாக இருக்கும் பகுதிக்கு ஒரே ஒரு பதிவு. அழகான யோசனை. அதையும் ஆடுபவர் கெடுப்பார். ஒரு பகுதிக்குள் நூறு வகைப் பிளாக்கையும் கொண்டுவந்து அடுக்கி அருங்காட்சியகம் கட்டுவார். கட்டட்டும்! அதற்காகத்தானே உலகத்தைக் கொடுத்தோம்?

எனக்கு இதில் மிகவும் பிடித்த சிக்கல் வெளிச்சம். கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். மைன்கிராஃப்டில் வெளிச்சத்துக்கு 0 முதல் 15 வரை அளவு. ஒரு தீப்பந்தம் வைத்தால் அந்த இடத்தில் 14. பக்கத்துப் பிளாக்கில் 13. அதற்கடுத்து 12. இப்படி ஒவ்வொரு படியாகக் குறைந்து இருட்டில் கரையும். பரப்புவது எளிது, பக்கத்தில் இருப்பதை விட நான் அதிகமா என்று கேட்டுக்கொண்டே போனால் போதும். இப்போது அந்தத் தீப்பந்தத்தை எடுத்துவிடுங்கள். என்ன ஆக வேண்டும்? அது தந்த வெளிச்சம் போக வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் இன்னொரு பந்தம் எரிகிறதே, அதன் வெளிச்சம் போகக் கூடாது. ஒரு பிளாக்கில் 9 என்று எழுதியிருக்கிறது. அந்த 9 எந்தப் பந்தம் தந்தது? பிளாக்குக்குத் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை.

அதனால் இரண்டு முறை நடக்க வேண்டியிருக்கிறது. முதல் நடையில், எடுத்த பந்தத்திலிருந்து புறப்பட்டு, தன்னைவிடக் குறைந்த வெளிச்சமுள்ள பிளாக்குகளை எல்லாம் இருட்டாக்கிக்கொண்டே போகிறோம். வழியில் தனக்குச் சமமாகவோ அதிகமாகவோ ஒளிரும் பிளாக் வந்தால் அது வேறெங்கிருந்தோ ஒளி வாங்குகிறது என்று புரிந்துகொண்டு, அதைத் தொடாமல் குறித்து வைத்துக்கொள்கிறோம். இரண்டாம் நடையில், குறித்து வைத்த அந்த இடங்களிலிருந்து வெளிச்சத்தை மறுபடி பரப்புகிறோம். ஒரு பந்தத்தை வைக்க ஒரு நடை. எடுக்க இரண்டு நடை. இது ஒரு பக்கத்துக்குள் அடங்கும் நிரல். ஆனால் இதைத் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, வரைபடத் தேடல் முறை என்று கல்லூரியில் பாடமாக வருவதைப் பரீட்சைக்கு முன்பே கையால் தொட்டுவிடுகிறது. இந்த விளையாட்டுகளை நான் இவ்வளவு மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இனி தூரம். எங்கே போயும் மாற்றலாம் என்று சொன்னோமே, அந்த எங்கே என்பதற்கு ஓர் எல்லை இல்லையா? மைன்கிராஃப்டின் ஆரம்ப வெர்ஷன்களில் நடுப்புள்ளியிலிருந்து 1,25,50,821 பிளாக் தள்ளிப் போனால் நிலம் பைத்தியம் பிடித்தது போல் மாறும். செங்குத்தான சுவர்கள், அடுக்கடுக்கான ஓட்டைகள், முடிவில்லாத குகைகள். ஃபார் லேண்ட்ஸ் என்று அதற்குப் பெயர். யாரும் வடிவமைக்கவில்லை. நிலத்தை உருவாக்கும் கணக்கில் வரும் எண் 32 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்ததால் வந்த விளைவு. 2011 செப்டம்பரில் வந்த பீட்டா 1.8 அதைச் சரிசெய்தது. அதற்கு ஆறு மாதம் முன்பே கர்ட் ஜே மேக் என்ற அமெரிக்கர் பழைய வெர்ஷனிலேயே அந்த எல்லையைத் தேடி நடக்கத் தொடங்கிவிட்டார், வருடக்கணக்காக நடந்தார், அந்த நடையைக் காட்டியே குழந்தைகள் நலனுக்கு நிதி திரட்டினார். பிழையைப் புண்ணியத் தலமாக்கிய மனிதர்!

தூரத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு வழக்கமாகப் பயன்படுத்தும் 32 பிட் தசம எண்ணுக்கு நுட்பம் குறைவு. பத்து லட்சமாவது பிளாக்கில் நிற்கும்போது அதனால் ஒரு பிளாக்கின் பதினாறில் ஒரு பங்கைத்தான் பிரித்துச் சொல்ல முடியும். எண்பது லட்சத்தில் அரைப் பிளாக். அங்கே நடந்தால் நடை இருக்காது, துள்ளல்தான் இருக்கும். ஆடுபவர் நிற்கும் இடத்தையே பூஜ்யமாக வைத்து, உலகத்தை அவரைச் சுற்றி நகர்த்துவதுதான் இதற்கு மருந்து. புதிதாக எழுதுகிறவர்களில் பலர் இதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில் சேர்க்கப் போனால் நிரலின் எல்லா மூலையையும் தொட வேண்டியிருக்கும்.

எழுதுவதைப் பற்றி இன்னும் பல மணி நேரம் பேசலாம். பாதி மரம் இந்தச் சங்க்கில், மீதி இன்னும் பிறக்காத பக்கத்துச் சங்க்கில் இருந்தால் என்ன செய்வது? பக்கத்துச் சங்க்கைப் பிறப்பித்தால் அதிலும் ஒரு மரம் எல்லையில் நிற்கும். அது அதற்கடுத்ததைப் பிறப்பிக்கும். இப்படியே சங்கிலியாக ஓடி விளையாட்டு உறைந்துபோகும். மாட் எழுதுகிறவர்கள் அடிக்கடி விழும் குழி இது. தண்ணீர் ஓடுவது, பயிர் வளர்வது, ஆடு மாடு நடப்பது எல்லாம் நொடிக்கு 20 முறை, அதாவது 50 மில்லிசெகண்டுக்குள் ஒரு முறை, நடந்து முடிய வேண்டும். முடியாவிட்டால் பிள்ளைகள் லேக் என்று கத்துவார்களே, அதுதான். ஆனால் நான் இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டும்.

மாடிங்! இந்த விளையாட்டு வகையின் வரலாறே அனுமதியில்லாத மாடிங்கில் தொடங்குகிறது. 2009 ஏப்ரலில் ஜாக் பார்த் என்ற அமெரிக்க நிரலாளர் இன்ஃபினிமைனர் என்றொரு விளையாட்டை வெளியிட்டார். இரண்டு அணிகள் மண்ணைத் தோண்டிப் புள்ளி சேர்க்க வேண்டும். மக்கள் என்ன செய்தார்கள்? புள்ளியை விட்டுவிட்டுக் கட்டடம் கட்டத் தொடங்கினார்கள். அந்த நிரல் பிரித்துப் படிக்க எளிதான வடிவில் இருந்தது. ஆளாளுக்குப் பிரித்தார்கள், மாற்றினார்கள், தங்கள் பதிப்பை வெளியிட்டார்கள். ஒருவருடைய பதிப்பு இன்னொருவருடைய சர்வரோடு ஒத்துப்போகவில்லை. சில வாரங்களிலேயே பார்த் அந்த விளையாட்டை வளர்ப்பதை நிறுத்திவிட்டு, மூல நிரலை எல்லோருக்கும் திறந்து கொடுத்துவிட்டார். அதே 2009 மே மாதம், அந்த விளையாட்டைப் பார்த்து ஊக்கம் பெற்ற ஸ்வீடன் நாட்டு மார்கஸ் பெர்சன் எழுதத் தொடங்கியதுதான் மைன்கிராஃப்ட். 2014இல் மைக்ரோசாஃப்ட் அதன் நிறுவனமான மொஜாங்கை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் விற்பனை 30 கோடியைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தார்கள்.

இன்ஃபினிமைனருக்கு நடந்ததைக் கண்ட பிறகு எந்த நிறுவனமும் என்ன செய்யும்? கதவைச் சாத்தும். மைன்கிராஃப்ட் ஜாவாவில் எழுதப்பட்டது. அதன் பெயர்களையெல்லாம் அழித்து, ஏ, பி, ஏஏ, ஏபி என்று அர்த்தமில்லாத எழுத்துகளாக மாற்றித்தான் வெளியிட்டார்கள். ஆட்டைக் குறிக்கும் பகுதி எது, அடுப்பைக் குறிக்கும் பகுதி எது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. ஆனால் உலகம் முழுவதும் இருந்த இளைஞர்கள் உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்து, ஒவ்வோர் எழுத்துக்கும் பெயர் சூட்டினார்கள். அடுத்த வெர்ஷன் வந்ததும் எழுத்துகள் மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து சூட்டினார்கள். மைன்கிராஃப்ட் கோடர் பேக் என்ற அந்தக் கூட்டு உழைப்பு இல்லாமல் ஆரம்ப கால மாட்கள் பெரும்பாலானவை பிறந்திருக்காது. மொஜாங் 2019இல் அசல் பெயர்ப் பட்டியலைத் தானே கொடுத்தது. 2025இல், இனிமேல் பெயர்களை மறைக்கவே போவதில்லை என்று அறிவித்தது. அந்தப் பிள்ளைகள் தட்டிக்கொண்டே இருந்த கதவு பத்து வருஷத்துக்கும் மேலாகிக் கடைசியில் திறந்தது.

அந்தக் காலத்தில் மாட் போடுவது எப்படி இருந்தது தெரியுமா? மைன்கிராஃப்டின் நிரல் அடங்கிய ஜார் கோப்பைத் திறக்க வேண்டும். மாட்டில் இருக்கும் கோப்புகளை அதற்குள் திணிக்க வேண்டும். மெட்டா-இன்ஃப் என்ற ஃபோல்டரை அழிக்க வேண்டும். மறந்தால் கருந்திரைதான் வரும். இரண்டு மாட்கள் ஒரே கோப்பைத் தொட்டால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும். இதற்கு மேல் எண் சண்டை. ஒவ்வொரு வகைப் பிளாக்குக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஒரே ஒரு பைட். ஆகவே உலகத்தில் மொத்தம் 256 வகைதான். மாட் எழுதும் ஒரு மாடர் செப்புத் தாதுவுக்கு 150 என்று எண் வைப்பார். முன்பின் பார்த்தறியாத இன்னொரு மாடர் தன் எஞ்சினுக்கும் 150 என்று வைப்பார். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? அந்த நிலைதான். ஆடுபவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, மாட் ஒன்றொன்றின் செட்டிங் கோப்பையும் திறந்து, மோதாத எண்ணாகப் பார்த்து மாற்றுவார். ஒரு முறை தவறினால் அவர் கட்டிய கோட்டையின் சுவரெல்லாம் வேறு ஏதோ பிளாக்காக மாறி நிற்கும்.

வாக்கு நினைவிருக்கிறதா? மாற்றியது மாற்றியபடியே இருக்கும் என்று சொன்னோமே! அந்த வாக்கு இங்கேதான் உடைகிறது. ஆடுபவர் வைத்தது கோட்டை. கோப்பில் எழுதியிருந்தது 150 என்ற எண். எண்ணுக்குப் பொருள் மாறினால் கோட்டையும் மாறும். பெயரை எழுதியிருக்க வேண்டும். மைன்கிராஃப்ட் முழுமையாகப் பெயருக்கு மாறியது 2018 ஜூலையில் வந்த 1.13 வெர்ஷனில். நல்ல காரியம். ஆனால் அந்த நல்ல காரியமே பழைய மாட்களுக்கு இடியாக இறங்கியது. அதுவரை எழுதிய மாட்களில் பலவற்றை ஏறக்குறைய புதிதாக எழுத வேண்டியிருந்தது. பலர் எழுதவில்லை. பள்ளிப் பருவத்தில் மாட் எழுதியவர் அதற்குள் வேலைக்குப் போயிருந்தார். அதனால்தான் 1.12.2, அதற்கும் முந்தைய 1.7.10 போன்ற வெர்ஷன்களில் இன்றும் ஒரு பெருங்கூட்டம் விளையாடுகிறது. 1.7.10 வந்தது 2014இல். கிரெக்டெக்: நியூ ஹொரைசன்ஸ் என்ற மாட் தொகுப்பு இன்னும் அந்த வெர்ஷனின் மேலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. விளையாட்டை எழுதுகிறவர் அடித்தளத்தைத் திருத்தாமல் இருக்கலாமா? கூடாது. திருத்தினால் மேலே கட்டியவர்கள் என்ன ஆவார்கள்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கருத்தைக் கேட்டால், மாடர்களின் நேரம் விலை போடாத நேரம் என்பதால் அது மலிவான நேரம் என்று நினைத்துவிடக் கூடாது என்பேன்.

விளையாட்டு மாடர்களிடம் வாங்கியிருப்பது கொஞ்சமா? ஆரம்பத்தில் மைன்கிராஃப்ட் ஒவ்வொரு சங்க்கையும் ஒரு தனிக் கோப்பாக வட்டில் எழுதியது. ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள்; கணினி நொண்டியது. ஸ்கேவோலஸ் என்ற புனைபெயரில் எழுதும் ஒரு மாடர், 32க்கு 32, அதாவது 1,024 சங்க்குகளை ஒரே கோப்பில் கட்டும் முறையை எழுதினார். 2011 பிப்ரவரியில் அது விளையாட்டுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், பிளாக்கைத் தள்ளும் பிஸ்டன் வந்ததே, அதுவும் ஹிப்போபிளாட்டிமஸ் என்ற புனைபெயர்க்காரரின் மாட். 2013இல் வந்த குதிரைகளுக்குப் பின்னாலும் ஒரு மாடரின் கை இருக்கிறது. இன்று முன்வரிசைப் பிள்ளைகள் பிஸ்டன் வைத்து ரகசியக் கதவு செய்யும்போது அது முதலில் மாடாகத்தான் இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

சரி, முதல் நாளிலிருந்தே கதவைத் திறந்து வைத்து ஒரு விளையாட்டை எழுத முடியாதா? முடியும். எழுதியிருக்கிறார்கள். 2010இல் ஃபின்லாந்தின் பெர்ட்டு அஹோலா மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கியது அது. 2024 அக்டோபரிலிருந்து அதன் பெயர் லுவான்டி. இலவசம், மூல நிரலும் திறந்தது. அடியில் நின்று விளையாட்டை ஓட்டும் எஞ்சின் சி++ மொழியில் இருக்கிறது. கல், மண், மரம் உட்பட விளையாட்டுக்குள் இருக்கும் ஏறக்குறைய எல்லாமே லுவா என்ற எளிய மொழியில் எழுதப்பட்ட மாட்கள். மாட் அங்கே விருந்தாளி இல்லை; வீட்டுக்காரரே அதுதான். பிளாக்குக்குப் பெயரில் முதலில் மாட்டின் பெயர், பிறகு பொருளின் பெயர். இருவர் செப்பு செய்தாலும் மோதல் வராது. ஒரு மாட்டை நீக்கிவிட்டால்கூட அதன் பிளாக் இருந்த இடம் அழிந்துபோகாது. அறியாத பிளாக் என்று ஒரு குறியோடு நிற்கும். மாட் திரும்பி வந்ததும் பழைய பொருளாகவே எழும். மாட்கள் சர்வரில் ஓடுவதால் ஆட வருகிறவர் எதையும் நிறுவத் தேவையில்லை. படங்களும் ஒலிகளும் தானாக வந்து சேரும்.

அப்படியானால் எல்லாம் சுகமா? இல்லை. அங்கே ஒவ்வொரு சலுகைக்கும் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். இடங்களை 16 பிட் எண்ணில் குறித்ததால் ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 31,000 பிளாக்கோடு உலகம் முடிகிறது. மேலும் கீழும்கூட அதே அளவு ஆழம் உயரம் கிடைக்கிறது என்பது அதற்கு ஈடு. மாட் சர்வரில் ஓடுவதால் சர்வர் தூரத்தில் இருந்தால் கை வைத்ததற்கும் பலன் தெரிவதற்கும் நடுவே தாமதம் தெரியும். லுவாவில் ஒரு மாடர் 80க்கு 80க்கு 80 இடத்தைப் பிளாக் பிளாக்காக மாற்றினால் 5,12,000 தடவை எஞ்சினைக் கூப்பிடுகிறார். சர்வர் மூச்சடைத்து நிற்கும். மொத்தமாக அள்ளி, மாற்றி, மொத்தமாகத் திருப்பி வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. முதல் மாட் எழுதும் பலருக்கு அது தெரிவதில்லை. அது தெரியும் நாளில்தான் அவர்கள் மாடர்கள் ஆகிறார்கள் என்பேன்.

கதவைத் திறந்தால் நல்லவர்கள் மட்டுமா வருவார்கள்? 2014இல் டென்மார்க் அரசின் நிலத்தரவுத் துறை தன் நாடு முழுவதையும் மைன்கிராஃப்டில் ஒன்றுக்கு ஒன்று அளவில் கட்டித் திறந்துவிட்டது. ஏறக்குறைய 4 லட்சம் கோடி பிளாக். ஒரு டெராபைட் அளவு. வெடிமருந்தைத் தடை செய்திருந்தார்கள். ஆனால் வெடிமருந்து ஏற்றிய சுரங்க வண்டியைத் தடை செய்ய மறந்துவிட்டார்கள். வந்தவர்கள் வண்டியை வைத்துத் தகர்த்தார்கள், இடித்த இடத்தில் அமெரிக்கக் கொடி நட்டார்கள். சேதம் சிறியது, கற்ற பாடம் பெரியது.

இதைவிடக் கவலையானவையும் நடந்திருக்கின்றன. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நிரலகத்தின் ஓட்டை உலகத்தையே உலுக்கியதே, அப்போது மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரே ஒரு வரியைத் தட்டியே அடுத்தவர் கணினிக்குள் நுழைய முடிந்தது. 2023 ஜூனில், மாட்களைப் பகிரும் பெரிய தளங்களில் சிலருடைய கணக்குகள் களவு போய், பலர் நம்பி இறக்கும் மாட்களுக்குள்ளேயே வைரஸ் புகுத்தப்பட்டது. அது கடவுச்சொற்களைத் திருடியது. கணினியில் இருந்த மற்ற ஜார் கோப்புகளுக்கும் தொற்றியது. பெற்றோர்களுக்கு இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன். ஜாவாவில் மாட் என்பது முழு அதிகாரத்தோடு உங்கள் கணினியில் ஓடும் நிரல். அது எந்தப் பெயரில் வந்தாலும், எந்தப் பிள்ளை கேட்டாலும், யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்த பிறகே நிறுவுங்கள். லுவான்டி மாட்டின் கைக்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. சர்வர் நடத்துகிறவர் நம்பிக் குறித்துக் கொடுத்த மாட்டுக்குத்தான் கணினியின் மற்ற கோப்புகளைத் தொடும் உரிமை.

உரிமை என்றதும் இன்னொன்று. 2014 செப்டம்பரில், ஆயிரக்கணக்கான சர்வர்கள் நம்பியிருந்த கிராஃப்ட்பக்கிட் என்ற நிரல் ஒரே நாளில் விநியோகத்திலிருந்து இறக்கப்பட்டது. மொஜாங்கின் மூடிய நிரலும், திறந்த உரிமத்தில் பலர் எழுதிக் கொடுத்த நிரலும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. பங்களித்தவர்களில் ஒருவர் சட்டப்படி ஆட்சேபம் எழுப்பினார். சட்டம் அவர் பக்கம் பேசக்கூடியதாக இருந்தது. மாட் எழுதும் மாணவர்களே, முதல் வரியை எழுதும் நாளிலேயே உரிமத்தையும் எழுதி வைத்துவிடுங்கள்.

நானே ஒரு புதிய எஞ்சின் எழுதப்போகிறேன் என்று கிளம்பும் இளைஞர்கள் ஹைடேல் என்ற விளையாட்டின் கதையைக் கேட்க வேண்டும். மைன்கிராஃப்ட் சர்வர் நடத்திப் புகழ் பெற்றவர்கள் 2018 டிசம்பரில் அதை அறிவித்தார்கள். மாடிங்கை நடுவில் வைத்து ஒரு விளையாட்டு, உலகமே காத்திருந்தது. பெரிய நிறுவனம் ஒன்று 2020இல் அவர்களை வாங்கியது. பணம் இருந்தது, ஆள் இருந்தது. பிறகு எஞ்சினை முதலிலிருந்து சி++ மொழியில் எழுதுகிறோம் என்றார்கள். ஆண்டுகள் ஓடின. 2025 ஜூனில் திட்டமே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், தொடங்கியவர்களில் ஒருவர் அதைத் திரும்ப வாங்கினார். என்ன செய்தார்? புதிய எஞ்சினை விட்டுவிட்டுப் பழைய எஞ்சினைத் தூசி தட்டி எடுத்தார். 2026 ஜனவரியில் விளையாட்டு ஆடுபவர்கள் கைக்கு வந்தது. குறையோடுதான் வந்தது. ஆனால் வந்தது!

தமிழ் பேசும் நமக்கு இதில் ஒரு தனிப் பங்கு இருக்கிறது. மைன்கிராஃப்டின் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. ஆனால் இவ்வகை விளையாட்டுகளில் பல, எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துத்தான் வரைகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும். நம் ‘கொ’ என்ன செய்யும்? கணினி முதலில் ககரத்தையும் பிறகு ஒகரக் குறியையும் சேமித்து வைத்திருக்கிறது. திரையிலோ ஒரு கொம்பு முன்னால், ஒரு கால் பின்னால் வர வேண்டும். அந்த அறிவு எஞ்சினுக்கு இல்லையென்றால் சொல் சிதறிக் கிடக்கும். ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரலகம் இந்த வேலையைச் செய்யக் காத்திருக்கிறது. அதை இணைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். தமிழும் தெரிந்து, நிரலும் தெரிந்த ஆள் வேண்டும். இந்த அரங்கத்தில் அப்படி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

மாணவர்களே, இன்றிரவே தொடங்கலாம். லுவான்டியை இறக்குங்கள், பழைய கணினியிலும் ஓடும். மாட்களுக்கான ஃபோல்டருக்குள் உங்கள் மாட்டின் பெயரில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். உள்ளே இனிட் என்ற பெயரில் ஒரு லுவா கோப்பு. அதில் ஒரே ஒரு பிளாக்கைப் பதிவு செய்யுங்கள். பத்து வரிகூட ஆகாது. 16க்கு 16 புள்ளியில் நீங்களே ஒரு படம் வரைந்து அதற்கு ஒட்டுங்கள். உலகத்தைத் திறந்து அந்தப் பிளாக்கால் ஒரு சுவர் கட்டுங்கள். பிறகு விளையாட்டை மூடிவிட்டு, அந்த மாட்டை நிறுத்தி, மறுபடி உலகத்துக்குள் போய்ப் பாருங்கள். சுவர் இருந்த இடத்தில் என்ன நிற்கிறது, ஏன் அப்படி நிற்கிறது, மாட்டை மறுபடி இயக்கினால் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். அதன் பிறகு பிளாக்குக்கு வேறு பெயர் வைத்துப் பாருங்கள். பழைய சுவரைப் புதிய பெயரோடு எப்படி இணைப்பது என்ற கேள்வி வரும். அதற்கும் லுவான்டியில் ஒரு வழி உண்டு. தேடிக் கண்டுபிடியுங்கள்.

அடுத்த அரை மணி நேரம் கேள்விகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். முன்வரிசையிலிருந்து தொடங்குவோம்.